பூக்கடை முதலாளி சொர்ணவல்லி

வீட்டுப் பத்திரத்தைக் கலரில் ஜெராக்ஸ் எடுத்து வைத்துவிட்டால் பெண்டாட்டிக்குத் தெரியாது என்று ஆத்மநாதன் நினைத்துவிட்டான். இருபது வருடம் குடித்தனம் நடத்திய மனுசனுக்கு, அந்தப் பத்திரத்தை அவள் வருசத்துக்கு ஒருமுறை கையில் எடுப்பாள் என்பது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. அல்லது வந்தும், அவளுக்கு என்ன புரியப்போகிறது என்று விட்டிருப்பான். இரண்டாவதுதான் உண்மையாக இருக்கும்.

கீரமங்கலத்துக்குப் பக்கத்தில், கல்யாணத்தின்போது சொர்ணவல்லியின் அப்பா அவள் பேரில் எழுதி வைத்த பத்து சென்ட் இடம் அது. கஜா புயலில் ஓட்டு வீடு பறந்த பிறகு, கழுத்து நகை, காது நகை எல்லாவற்றையும் விற்றுப் போட்டு அதே இடத்தில் கான்கிரீட் மெத்தை வீடு கட்டினாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை. ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் மகள் ஹரிணியின் புத்தகங்களோடு வீட்டுப் பத்திரத்தையும் சாமிக்கு முன்னால் வைத்து, முதல் தாளின் மூலையில் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். வருசத்துக்கு ஒரு பொட்டு. ஒன்றின் மேல் ஒன்று காய்ந்து அந்த மூலை சொரசொரவென்று இருக்கும்.

இந்த வருடம் பொட்டு வைக்கப் போனபோது விரல் வழுக்கியது. பழைய பொட்டுகள் எல்லாம் இருந்தன, நிறம்கூட மாறவில்லை. ஆனால் தடவிப் பார்த்தால் தாள் மழமழவென்று இருந்தது. குங்குமத்தையும் சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள் என்று புரிய அவளுக்கு ஒரு நிமிடம் ஆனது. சூடத்தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

"ஏங்க, இது ஜெராக்ஸு. அசல் எங்க?"

செல்போனிலிருந்து ஆத்மநாதன் தலையைத் தூக்கவில்லை. "புதுக்கோட்டைல லாக்கர்ல வச்சிருக்கேன். வீட்டுல இருந்தா கரையான் அரிக்கும்ல."

"எந்த பேங்க் லாக்கரு?"

"நல்ல நாளும் அதுவுமா வக்கீல் மாதிரி கேள்வி கேக்காத. போயி சுண்டலக் கொண்டா."

சுண்டலைக் கொண்டு போய்க் கொடுத்தாள். அதை நினைத்து அப்புறம் பல நாள் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

பூஜை லீவு முடிந்த மறுநாள், மதியச் சாப்பாடு போட்டு முடித்த கையோடு கடைவீதியில் இருக்கிற கம்ப்யூட்டர் கடைக்குப் போய் வில்லங்கச் சான்று கேட்டாள். ஊரில் எவன் இடம் வாங்கினாலும் முதலில் பார்ப்பது இதைத்தான்; தன் இடத்துக்கே வில்லங்கம் பார்க்கப் போவோம் என்று அவள் நினைத்ததில்லை. கடைப்பெண் அச்செடுத்துக் கொடுத்த தாளில் கடைசிப் பதிவு போன வருடம் கார்த்திகை மாதத்தது. உரிமை ஆவணங்களை ஒப்படைத்துக் கடன். தொகை இருபத்தெட்டு லட்சம். எழுதிக் கொடுத்தவர்கள் ஆத்மநாதன், சொர்ணவல்லி. எழுதி வாங்கியது புதுக்கோட்டையில் இருக்கிற ஒரு வீட்டுக்கடன் கம்பெனி.

"அக்கா, நீங்க கையெழுத்துப் போட்டதுதானே?" என்று கடைப்பெண் சாதாரணமாகக் கேட்டாள்.

சொர்ணவல்லி அந்தக் கடன் பத்திரத்தின் நகலுக்கும் பணம் கட்டினாள். நான்கு நாள் கழித்து நகல் வந்தது. அவள் பெயருக்கு நேராக ஒரு பெருவிரல் ரேகை, ஒரு கையெழுத்து, ஒரு போட்டோ. போட்டோவில் இருந்தது அவள் இல்லை. ஆத்மநாதனின் அக்கா காத்தாயி. அதுவும் சொர்ணவல்லியின் மாம்பழக் கலர் பட்டுப்புடவையில். யார் வீட்டுக்கோ நிச்சயதார்த்தம் என்று இரவல் வாங்கிப் போன புடவை. ஒரு வாரம் கழித்து இஸ்திரி போட்டு, இரண்டு சீப்பு வாழைப்பழத்தோடு திருப்பிக் கொடுத்தாளே, அதே புடவை. வீடு திருடப் போனவள் புடவைக்கு மட்டும் மரியாதை செய்திருக்கிறாள்.

ஆத்மநாதன் மறுக்கவே இல்லை. மறுத்திருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். நகலைப் பார்த்துவிட்டு, பஸ் போய்விட்டது என்கிற மாதிரி ஒரு சலிப்போடு நாற்காலியில் சாய்ந்தான்.

"கோட்டைப்பட்டினம் பக்கம் ஒரு இறால் பண்ணை. பங்குக்கு வான்னு கூப்புட்டாங்க. ஆறு மாசத்துல ரெட்டிப்பாகும்னான். நோய் விழுந்து மொத்தமும் போச்சு. நான் என்ன செய்ய?"

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ சம்மதிச்சிருப்பியா?"

"மாட்டேன்."

"அதனாலதான் கேக்கல."

இதை அவன் ஒரு நியாயமாகவே சொன்னான். இவள் முடியாது என்பாள், ஆகவே இவள் இல்லாமலேயே இவளைக் கொண்டு கையெழுத்துப் போட வைத்தாயிற்று. இதில் இவளுக்கு என்ன குறை என்று அவனுக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

சொர்ணவல்லி பீரோவில் இருந்த அவனுடைய ரெக்சின் பையை எடுத்துக் கட்டிலில் கொட்டினாள். கடன் மனுவின் நகல் வந்து விழுந்தது. பிரிக்காத இரண்டு கவர்களும் இருந்தன. ஒன்று அவள் பேருக்கு வந்தது. அறுபது நாளைக்குள் மொத்தத்தையும் கட்டாவிட்டால் வீட்டைக் கையகப்படுத்தி ஏலம் விடுவோம் என்ற நோட்டீஸ். தபால்காரரிடம் இவனே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறான். நாற்பத்தொரு நாள் ஏற்கெனவே ஓடிவிட்டது.

ஆலங்குடியில் இனியா என்று ஒரு வக்கீல். முப்பது வயதுகூட ஆகாது. மேஜையில் பாதி குடித்த டீயும் கட்டுக்கட்டாகக் கோர்ட் காகிதங்களுமாக இருந்தாள். கடன் மனுவை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். ஐந்தாவது பக்கத்தில் நிறுத்திச் சிரித்துவிட்டாள். உடனே, "தப்பா எடுத்துக்காதீங்கக்கா" என்றாள்.

அங்கே எழுதியிருந்தது இது: துணைக் கடன்தாரர் சொர்ணவல்லி, தொழில் மொத்தப் பூ வியாபாரம், கடையின் பெயர் சொர்ணவல்லி மலர் அங்காடி, ஆண்டு வருமானம் பதினான்கு லட்சம். கூடவே வருமான வரிக் காகிதம், கடை வாடகை ஒப்பந்தம், கடை வாசலின் போட்டோ. காலையில் அரிசியும் பருப்பும் முட்டையும் எண்ணி, சமையலம்மாவோடு மல்லுக்கட்டி, பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற பொம்பளையை, ஊரார் மல்லிகையைக் கொண்டு வந்து கொட்டுகிற கடைக்கு முதலாளியாக்கியிருந்தார்கள். அவள் காசு கொடுத்து முழுசாக ஒரு பந்து பூ வாங்கித் தலையில் வைத்தே வருசக்கணக்காகிறது.

"இதெல்லாம் அவரு செஞ்சது. எனக்கு என்னம்மா வந்துச்சு? பொண்டாட்டிங்கிறதுக்காக என்னையும் சேத்துப் புடிப்பாங்களா?"

"பொண்டாட்டியா இருக்கறது மட்டும் குத்தமில்லக்கா. தெரிஞ்சே உடந்தையா இருந்தாத்தான் குத்தம்." இனியா பேனாவால் அந்தப் பக்கத்தைத் தட்டினாள். "நீங்க சும்மா இருந்தீங்கன்னா, காகிதத்துல இருக்கறபடி நீங்களும் கடங்காரர். வீடு ஏலம் போகும். ஏலப் பணம் பத்தலேன்னா மிச்சத்துக்கும் ஒங்களைத்தான் தேடி வருவாங்க. இந்தப் பூக்கடை பொய்னு வெளிய வந்தா, போலி ஆவணம் குடுத்துக் கம்பெனிய ஏமாத்துனதா ஒங்க ரெண்டு பேரு மேலயும் கேஸு. முதல் எதிரி அவரு, ரெண்டாவது எதிரி நீங்க. கேஸுன்னு வந்தா ஒங்க வேலைல மொதல்ல சஸ்பெண்ட் பண்ணிட்டுத்தான் மத்ததப் பேசுவாங்க."

"நாந்தான் ஒண்ணுமே செய்யலையே!"

"செய்யலைன்னு நீங்க சொல்லணும். எழுத்துல சொல்லணும். ரேகையை ஒப்பிட்டுப் பாத்தா அஞ்சு நிமிசத்துல தெரிஞ்சுபோகும். போலிக் கையெழுத்துல ஒங்க வீட்டை அடமானம் வைக்க யாருக்கும் உரிமை கெடையாது, புருசனுக்கும் கெடையாது. அதை வச்சு ஏலத்துக்குத் தடை கேட்போம். ஆனா யாரு செஞ்சான்னு சொல்லாம செய்யலைன்னு மட்டும் சொல்ல முடியாது." மனுவை மூடி வைத்தாள். "இன்னொண்ணுக்கா. போன மாசம் வரைக்கும் ஒங்களுக்கு இது தெரியாது. இன்னைக்குத் தெரியும். இனிமே அவங்களுக்குத் தோதா எதுல கையெழுத்துப் போட்டாலும் தெரிஞ்சு போட்டதாத்தான் அர்த்தம். யாரு என்ன காகிதம் நீட்டுனாலும் போடாதீங்க. வாங்கிக்கிட்டு இங்கிட்டு வந்துருங்க."

வீட்டுக்கு வந்ததும் இதை அப்படியே ஆத்மநாதனிடம் சொன்னாள். மறைக்க அவளுக்குத் தெரியாது; மறைக்கவும் விரும்பவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நானும் குற்றவாளி, ஜெயிலுக்கு நானும் வர வேண்டியிருக்கும், வேலையும் போய்விடும் என்றாள். அவன் கேட்டுக்கொண்டான். "ம்" என்றான். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்தக் கண்ணீரைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. நல்ல மனுசன்தான், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பவன்தான் என்று மனசு பழசையெல்லாம் எடுத்துப் போட்டது. திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற ஹரிணியைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவள், "அம்மா, செமஸ்டர் முடியறவரைக்கும் எங்கிட்ட எதையும் சொல்லாத, ப்ளீஸ்" என்று போனை வைத்துவிட்டாள். யாரிடமும் கேட்டுப் பிரயோசனம் இல்லை என்று தெரிந்தது.

மறுநாளிலிருந்து சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் காத்தாயி. வாசலிலேயே மூக்கைச் சிந்தினாள்.

"ஒரு போட்டோதானே சொர்ணம் எடுத்தாங்க. தம்பி கேட்டான், போயி நின்னேன். என்ன எழுதியிருக்குன்னு நான் கண்டேனா?"

"எம்பேரச் சொல்லித்தானே மதினி நின்னீங்க? அங்க ஒங்க பேரு என்னன்னு கேட்டப்ப என்ன சொன்னீங்க?"

காத்தாயி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். இந்தக் கேள்விக்கு அழுவதைத் தவிர வேறு வழியில்லை, அழுதுவிட்டாள்.

அடுத்து ஆத்மநாதனின் தாய்மாமன், பெயர் பெரியண்ணன். நாலு ஊர்ப் பஞ்சாயத்து பேசுகிறவர். நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, தீர்ப்பே எழுதிக்கொண்டு வந்த மாதிரி பேசினார். "அவன் செஞ்சது தப்புத்தான், யாரு இல்லேன்னா? ஆனா ஆத்தா, புருசனைப் புடிச்சுக் குடுத்த பொம்பளைன்னு பேரு எடுத்துட்டு இந்த ஊர்ல நாளைக்கு மகளுக்கு மாப்பிள்ளை பாக்க முடியுமா? கம்பெனி மேனேஜர் நம்ம பயதான், பேசிட்டேன். ஒரு கடுதாசி கேக்குறான். போட்டுக் குடுத்தா ஏலத்தை நிறுத்தி ஏழு வருசத் தவணையாக்கித் தாரேங்கிறான். வீடும் நிக்கும், குடும்பமும் நிக்கும்."

"என்ன கடுதாசி?"

"என்னவோ ஒப்புதல் கடுதாசி. அங்கிட்டுப் போயிப் பாப்போம்."

திருடினவனிடம் ஒருவரும் எதையும் கேட்கவில்லை. அவள்தான் பெருந்தன்மையாக இருக்க வேண்டுமாம், அவள்தான் ஊர்ப் பேச்சுக்குப் பயப்பட வேண்டுமாம், மகள் கல்யாணத்தை அவள்தான் கெடுக்கப் பார்க்கிறாளாம். இருபத்தெட்டு லட்சத்தைக் கடலோரம் கொண்டுபோய்க் கரைத்தவன் திண்டில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். சொர்ணவல்லி இனியாவுக்குப் போன் போட்டாள். "போங்கக்கா. அந்தக் காகிதத்துல என்ன இருக்குன்னு நானும் பாக்கணும்" என்றாள் அவள். அவர்கள் போகிற அன்றைக்கு இனியாவுக்கும் புதுக்கோட்டை கோர்ட்டிலேயே வேலை இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆத்மநாதன், காத்தாயி, பெரியண்ணன், அவள் என்று நால்வரும் புதுக்கோட்டைக்குப் போனார்கள். கம்பெனி மாடியில் இருந்தது. கண்ணாடிக் கதவு, ஏசி, சிரித்துக்கொண்டே வீட்டுச் சாவி வாங்குகிற ஒரு குடும்பத்தின் பெரிய படம். மேனேஜர் சூர்யபிரகாஷ் எழுந்து நின்று கும்பிட்டான். எல்லாருக்கும் லெமன் டீ வந்தது. மேஜை மேல் ஒற்றைத் தாள் தயாராக இருந்தது.

"சின்ன ஃபார்மாலிட்டிதான் மேடம். ஃபைல் கிளியர் ஆயிடுச்சுன்னா இன்னைக்கே ஹெட் ஆபீசுக்கு அனுப்பிருவேன். ஏலம் கேன்சல்."

சொர்ணவல்லி தாளை எடுத்துப் படித்தாள். மேற்படி கடன் ஆவணங்களில் உள்ள கையெழுத்துகள், பெருவிரல் ரேகை, புகைப்படம் ஆகிய அனைத்தும் என்னுடையவையே என்றும், நான் அலுவலகத்தில் நேரில் ஆஜராகி முழுச் சம்மதத்துடன் ஒப்பமிட்டேன் என்றும், எனது தொழில் மற்றும் வருமானம் குறித்து அளிக்கப்பட்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என்றும் இதன்மூலம் உறுதி கூறுகிறேன். அடியில் தேதி போட இடம். அதற்கும் கீழே அவள் பெயர்.

அவள் இரண்டாவது தடவை படித்துக்கொண்டிருக்கும்போதே ஆத்மநாதன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான். மூடியைக் கழற்றி, பிடிக்கத் தோதாகத் திருப்பி, அவள் கைக்குப் பக்கத்தில் நீட்டினான்.

"போடு சொர்ணம். முடிஞ்சுபோயிரும்."

"போடு ஆத்தா. மகராசியா இருப்ப" என்றார் பெரியண்ணன்.

சொர்ணவல்லி பேனாவை வாங்கவில்லை. மேனேஜரைப் பார்த்தாள். "சார், இதுல புகைப்படம் என்னுடையதுன்னு எழுதியிருக்கு. ஃபைல்ல இருக்கற போட்டோவ எடுங்க."

"அதெல்லாம் ஸ்டோர்ல இருக்கும் மேடம்."

"எங்கிட்ட நகல் இருக்கு." பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். "இப்ப என்னையப் பாருங்க. எனக்குப் பக்கத்துல ஒக்காந்திருக்காங்கள்ல, எங்க மதினி, அவங்களையும் பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க, இது யாரு?"

மேனேஜர் யாரையும் பார்க்கவில்லை. லெமன் டீயைப் பார்த்தான். காத்தாயி நாற்காலியைப் பின்னால் நகர்த்தினாள். அது தரையில் கிறீச்சிட்டது.

"பழசை எதுக்கு மேடம் கிளறணும்? நாம தீர்வை நோக்கித்தானே போறோம்."

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், நீங்க சொல்லுங்க." சத்துணவுக் கூடத்தில் ஆடிட் அதிகாரிகளுக்குப் பதில் சொல்லிப் பழகிய குரல் அது; உயரவில்லை, நடுங்கவும் இல்லை. "ஒங்க ஃபைல்ல எங் கையெழுத்து இருக்குதுங்கிறீங்க. ரேகை இருக்குதுங்கிறீங்க. நானே வந்து போட்டேங்கிறீங்க. அத்தனையும் என்னோடதுன்னா, இன்னைக்கு எதுக்கு சார் ஒங்களுக்கு எங்கிட்டேர்ந்து இன்னொரு கையெழுத்து?"

பெரியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அதுவரை இது நல்லது கெட்டது தெரியாத பொம்பளையின் பிடிவாதம் என்று அவர் நினைத்திருந்தார்போல.

சொர்ணவல்லி அந்தத் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். அப்போதுதான் சூர்யபிரகாஷ் பதறிப்போய் எழுந்தான்.

"மேடம், அதைக் குடுத்துருங்க. அது ஆபீஸ் டாக்குமெண்ட். வெளிய எடுத்துட்டுப் போகக்கூடாது."

"எம்பேரு போட்டிருக்கு. நான் சொன்னதா எழுதியிருக்கு. அப்ப அது என்னோடதுதானே?"

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். பயமாக இருந்தது, பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. தெரிந்திருக்கிறது. புருசனுக்குத் தெரிந்திருக்கிறது, நாத்தனாருக்குத் தெரிந்திருக்கிறது, கடன் கொடுத்தவனுக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாதவள் அவள் ஒருத்திதான், மாட்டப்போகிறவளும் அவள் ஒருத்திதான் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆட்டோவில் ஏறி இனியாவுக்குப் போன் பண்ணினாள்.

மாவட்டக் குற்றப்பிரிவு போலீஸ் ஆபீஸ் வாசலில் இனியா நின்றிருந்தாள். கோர்ட்டிலிருந்து கருப்புக் கோட்டோடே வந்திருந்தாள். தாளைப் பிரித்துப் படித்துவிட்டு, "இதை நாம தேடிப் போயிருந்தாக்கூடக் கெடைச்சிருக்காதுக்கா" என்றாள். அதற்குள் பின்னால் இன்னொரு ஆட்டோ வந்து நின்றது. ஆத்மநாதன் இறங்கி ஓடிவந்தான். வேட்டி மடிப்பு கலைந்து, சட்டையெல்லாம் வேர்வை.

"சொர்ணம், நில்லு. நெசமாவே எழுதிக் குடுக்கப் போறியா? என்னைய ஜெயிலுக்கு அனுப்பப் போறியா?"

அவள் நின்றாள். பக்கத்தில் டீக்கடை, நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருடம் ரோட்டில் வைத்து அவனிடம் குரல் உயர்த்தியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை.

"அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டா நான் ஜெயிலுக்குப் போவேன், வேலை போயிரும்னு வக்கீலம்மா சொன்னதை ஒங்ககிட்டச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னே."

"கேட்டீங்களா இல்லையா?"

"கேட்டேன்."

"கேட்டுட்டுத்தானே பேனாவத் தொறந்து குடுத்தீங்க?"

எதற்கும் ஒரு சமாதானம் வைத்திருக்கிற மனுசன், முதல் தடவையாகச் சொல்ல எதுவும் இல்லாமல் ரோட்டில் நின்றான். சொர்ணவல்லி ஒரு நிமிடம் காத்திருந்தாள். ஏதாவது சொல்லிவிட மாட்டானா, ஒரு வார்த்தை, தெரியாமல் செய்துவிட்டேன் என்றாவது சொல்லிவிட மாட்டானா என்று அவளுக்கு இருந்தது. அவன் சொல்லவில்லை. அவள் படியேறி உள்ளே போனாள்.

புகார் எழுதுகிற ஏட்டம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எதிரிகள் பெயர் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினாள். கண்ணாடிச் சன்னல் வழியாக வெளியே நிற்கிறவனை ஒருதரம் பார்த்தாள்.

"வீட்டுக்காரர் பேரையும் சேத்துத்தான் எழுதணுமாம்மா? நல்லா யோசிச்சுச் சொல்லு. நாளைக்கு வந்து இல்லேன்னு நிக்கக்கூடாது."

"அவரு பேர்லேர்ந்து ஆரம்பிங்கம்மா" என்றாள் சொர்ணவல்லி.